மன்சூர் அலியைச் சுறா தின்றதாகச் சொன்னார்கள்

1985-ஆம் ஆண்டு பிப்ரவரி பதினோராம் நாள், திங்கட்கிழமை. பம்பாய் டிராம்பே படகுத்துறைக்கு வேலைக்குப் போன மன்சூர் அலி திரும்பவில்லை. அவருடைய கூட்டாளி முகம்மது ஹனீப் மட்டும் ஈரக் கைலியோடு தாராவி வீட்டு வாசலில் வந்து நின்றான்.

சரக்குப் படகுகளின் அடியில் ஒட்டிக்கொள்ளும் சிப்பியைச் சுரண்டி எடுப்பது அவர்கள் இருவருடைய தொழில். ஒருவர் இடுப்பில் கயிறு கட்டி மூழ்குவார்; மற்றவர் மேலே கயிற்றைப் பிடித்திருப்பார். அன்று மூழ்கியவர் மன்சூர்.

"சுறா லாத்தா," என்றான் ஹனீப், மன்சூரின் மனைவி சைனபிடம். "துடுப்பு மேல தெரிஞ்சுச்சு. தண்ணி செக்கச் செவேல்னு ஆயிருச்சு. மூணு தரம் மன்சூர் காக்கா கை மேல வந்துச்சு. மூணாந்தரம் கை மட்டுந்தான்."

அதற்கு மேல் எதுவும் சைனபின் காதில் ஏறவில்லை. சுறா தின்ற ஆளை எங்கே போய்த் தேடுவது என்றார்கள், யாரும் தேடவில்லை. மன்சூரின் அண்ணன் நஜிமுதீன் உடல் இல்லாமலே ஜனாஸா தொழுகை நடத்தினார். சைனப் வெள்ளை உடுத்தி, நான்கு மாதம் பத்து நாள் வீட்டைவிட்டு வெளியேறாத இத்தா இருக்கத் திரைக்குப் பின்னால் உட்கார்ந்தாள். கண்ணை மூடினால் கணவர் துண்டு துண்டாகத்தான் வந்தார். முகத்தைச் சேர்த்துப் பார்ப்பாள், கை இருக்காது. கையைச் சேர்ப்பாள், முகம் போய்விடும். முழு மனிதராக அவரை ஒரு தரம் நினைத்துக்கொள்ள முடிந்தால் போதும் என்றிருந்தது.

எட்டு வாரம் கழிந்தது. தண்ணீர் பிடித்துக் கொடுக்க வரும் பக்கத்து வீட்டு ரோஷன், முந்தின நாள் வீடியோவில் பார்த்த இங்கிலீஷ் படத்தின் கதையைச் சொல்லிக்கொண்டே குடத்தை இறக்கினாள்.

"ஏக்தம் பயம் லாத்தா. துடுப்பு வருது, தண்ணி செவக்குது, அந்த ஆளு கை மூணு தரம் மேல வருது. மூணாந்தரம் பாத்தா..." சொல்ல வந்தது யாரிடம் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"சொல்லு. மூணாந்தரம் கை மட்டுந்தானே?"

ரோஷன் தலையசைத்தாள்.

"படம் எப்ப வந்துச்சு?"

"பொங்கலுக்கே ஓடுச்சு லாத்தா. ஹனீப் காக்கா ரெண்டு தரம் பாத்துட்டு, பாக்காதவங்க காதையெல்லாம் புண்ணாக்குச்சே."

 கீழக்கரையில் சைனபின் தகப்பனார் சங்கு குளித்தவர். அவளுடைய ஒன்பதாம் வயதில் அவரைச் சுறா கடித்தது. அவர் கத்தவில்லை. தாமாகவே படகேறி, எதுவோ இடித்துவிட்டது என்று சொல்லி உட்கார்ந்தார்; பிறகுதான் கெண்டைக்காலைப் பார்த்தார்கள். ஒரு கடியோடு சுறா விட்டுவிட்டுப் போயிருந்தது. அதன்பின் மூன்று மாதம் காய்ச்சல், சீழ், நாற்றம். வேப்பிலைத் தண்ணீரால் அந்தக் காலைக் கழுவியவள் சைனப். அலறலும் செந்நிறமும் அதில் எங்கேயும் இல்லை. போதாக்குறைக்கு, டிராம்பே கழிமுகத்தில் ஒரு முழம் தாண்டினால் கறுத்த சேறு. அந்தத் தண்ணீர் எப்படிச் சிவக்கும்?

மறுநாள் முற்பகல், சைனப் கேட்டுக்கொண்டபடி, நஜிமுதீன் ஹனீபை அழைத்துவந்தார். நடுவே திரை தொங்கியது.

"தம்பி, கயிறு எங்க?" என்று கேட்டாள் சைனப்.

"சுறா அறுத்துட்டுப் போயிருச்சு லாத்தா."

"அறுத்தா ஒரு துண்டு ஒங்க கையில மிஞ்சியிருக்குமே. அது எங்க?"

 நஜிமுதீனின் நாற்காலி கிறீச்சிட்டது.

"கயிறு ஒங்க கையிலதான் இருந்துச்சா?" என்றாள் சைனப்.

"துறையில இருந்த முளையில கட்டிட்டு சாய் குடிக்கப் போனேன்," என்றான் ஹனீப். குரல் தரையிலிருந்து வந்தது. அவன் குந்தி உட்கார்ந்துவிட்டிருந்தான். "அஞ்சு நிமிசம். வந்து பாத்தா முளையில கயிறு இல்ல. நானும் குதிச்சுத் தேடினேன். போலீஸ் பிடிச்சுப் போடுவானோன்னு... சுறான்னு சொன்னா யாரும் தேட மாட்டாங்கல்ல."

"ஆமா. யாரும் தேடல," என்றாள் சைனப்.

அவள் எழுந்து புர்காவை எடுத்தாள். நஜிமுதீன் வாசலை மறித்தார்.

"இத்தாவுல இருக்கிற பொம்பள படி தாண்டக் கூடாது. நான் போய் விசாரிச்சுட்டு வாரேன்."

"அவசியம்னா பகல்ல போகலாம்னு நீங்கதான் சொல்லியிருக்கீங்க மச்சான். பொழுது சாயுறதுக்குள்ள வந்துருவேன். அவர் ஒடம்புல உள்ள அடையாளம் ஒங்களுக்குத் தெரியுமா?"

அவர் விலகி, அவளோடு கூடவே கிளம்பினார்.

கழிமுகத்தை ஒட்டிய காவல் நிலையத்தில் மராத்திக்காரக் காவலர் ஒருவர் அடையாளம் தெரியாத உடல்களின் பதிவேட்டைத் திருப்பிப் பார்த்து, இந்தியில் படித்துச் சொன்னார். பிப்ரவரி பதின்மூன்று. அலையாத்திப் புதரடியில் ஆண் உடல். வயது முப்பத்தைந்து இருக்கலாம். இடுப்பில் பதினொரு முழம் நைலான் கயிறு. யாரும் உரிமை கோராததால், பத்து நாள் கழித்து முஸ்லிம் அறக்கட்டளையார் தேவ்நார் இடுகாட்டில் அடக்கம் செய்துவிட்டார்கள்.

"காயம்?" என்று கேட்டாள் சைனப். 

"ஒண்ணும் இல்லை," என்ற காவலர், ஒரு நிழற்படத்தை மேசைமேல் கவிழ்த்து வைத்தார். "பார்க்க வேண்டாம் பெஹன்ஜி. தண்ணியில ரெண்டு நாள் கிடந்த ஆளு."

அவள் நிமிர்த்திப் பார்த்தாள். முகம் ஊதியிருந்தது. இடப்பக்கக் கழுத்தில் மச்சம் இருந்தது. இரண்டு கைகளும் உடலின் பக்கத்தில் கிடந்தன. அவற்றை வெகுநேரம் பார்த்தாள்.

தேவ்நாருக்கு அவர்கள் போய்ச் சேர்ந்தபோது பிற்பகல் அஸர் தொழுகை நேரம். பெண்கள் உள்ளே போகும் வழக்கமில்லை. சைனப் கபரஸ்தான் வாசலில் நின்றாள். நஜிமுதீன் மட்டும் காவலாளியோடு உள்ளே போனார். கால் மணி நேரத்தில் கால் முழுக்கச் செம்மண்ணோடு திரும்பினார். 

"மச்சான், மண்ணு மேடு எவ்வளவு நீளம் இருக்கு?"

அவர் முதலில் புரியாமல் பார்த்தார். பிறகு புரிந்தது.

"ஆள் நீளத்துக்கு இருக்கும்மா."