கேமராவைப் போடச் சொன்ன அருள்மேரி மேடம்

அருள்மேரி மேடம் தவறிய செய்தி எனக்கு ஸ்மார்ட் போர்டில்தான் வந்தது. லேப்டாப்பை அதில் இணைத்துப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். சமன்பாட்டின் மேலேயே வாட்சப் செய்தி வந்து நின்றது: "மேடம் காலையில தவறிட்டாக." எனக்கு முன்பே பிள்ளைகள் படித்துவிட்டார்கள். பாழாய்ப்போன இந்தக் கருவிக்கு எதை எப்போது காட்டுவது என்றே தெரியாது. வகுப்பை முடித்துக்கொண்டு மேடத்தின் ஊரான கெங்குவார்பட்டிக்குப் பஸ் ஏறினேன்.

எங்கள் கல்லூரியின் கணிதத் துறையில் அவரோடு இருந்த உங்களுக்கு அவர் பாடம் நடத்தும் விதம் தெரியும். பாதிக் கணக்கில் சாக்பீஸை வைத்துவிட்டு முகங்களைப் பார்ப்பார். ஒரு பிள்ளை விழித்தாலும் முதல் வரியிலிருந்து மறுபடி தொடங்குவார். "புரிஞ்சுச்சான்னு கேக்காதீக சார், எல்லாம் தலையாட்டும். மொகத்தப் பாருங்க" என்பார்.

கொரோனாவில் பாடம் போனுக்கு வந்தபோது திண்டாடிப்போனார். குக்கரில் போனைச் சாத்திவைத்து, வெறும் பெயர்களைப் பார்த்துப் பேச வேண்டியிருந்தது. "செவுத்துகிட்டப் பேசுற மாதிரி இருக்கு சார்" என்று புலம்பினார். பிறகு, கேமராவைப் போடாதவர்களுக்கு வருகைப்பதிவு இல்லை என்று சொல்லிவிட்டார். பிள்ளைகளைப் பார்க்க வேண்டும் என்ற ஆசையில் செய்ததுதான்.

மார்க்கையன்கோட்டையிலிருந்து கௌசல்யா என்றொரு மாணவி. கணக்கில் கெட்டி. அவள் மட்டும் கேமராவைப் போடவே இல்லை. "பேரு இருக்கு, ஆளு எங்கன?" என்று ஒருநாள் மேடம் விடாமல் கேட்க, போட்டாள். திராட்சைப் பந்தலுக்கு அடியில், தலையில் துண்டு கட்டி, கையில் கத்தரிக்கோலோடு நின்றாள். கூலி வேலைக்கு நடுவே ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு பாடம் கேட்டிருக்கிறாள். யாரோ மைக்கை அணைக்காமல் சிரித்துவிட்டார்கள். அத்தோடு போனவள்தான், பரீட்சைக்கும் வரவில்லை.

மேடம் வீடு தேடிப் போனார். "நீங்க பாத்தா என்ன மேடம், ஒண்ணுமில்ல. எல்லாரும் பாத்துட்டாகளே" என்றாளாம். எவ்வளவோ கெஞ்சியும் அசையவில்லை. அடுத்த முறை போனபோது அவள் திருப்பூருக்கு வேலைக்குப் போயிருந்தாள். "நல்லாப் படிச்ச பிள்ளைய நானே வெளிய அனுப்பிட்டேனே சார்." ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பார்த்தபோதும் இதைத்தான் சொன்னார். உங்கள் தப்பில்லை என்றேன். அவர் ஏற்றுக்கொள்ளவில்லை.

இப்போதும் மழை விடுமுறை என்றால் ஆன்லைன் வகுப்புதான். பெயர்கள் வரிசையாக நிற்கும். முகம் ஒன்றும் இராது. எரிச்சலாக வரும். இருந்தாலும் "கேக்குதாப்பா?" என்று மட்டும் கேட்கிறேன். "கேக்குது சார்" என்று ஒரு குரல் வரும். பின்னால் கூலி ஆட்களை ஏற்றிப்போகும் ஜீப் சத்தமோ ஆட்கள் பேச்சோ இருக்கும். எங்கே இருக்கிறாய் என்று நான் கேட்பதில்லை. அருள்மேரி மேடத்திடமிருந்து நான் வைத்துக்கொண்டது இதுதான். இதைத் தெரிந்துகொள்ள அவர் ஒரு பிள்ளையைப் பறிகொடுக்க வேண்டியிருந்தது.