வாலை நம்பியவர்கள்

பற்றீரியாவைத் தாக்குகிற வைரஸ்களை நெடுங்காலம் வாலைப் பார்த்துத்தான் குடும்பம் பிரித்தார்கள். நீள வால் ஒரு குடும்பம், சுருங்குகிற வால் ஒன்று, கட்டை வால் இன்னொன்று. நான் ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்தபோது அந்தக் குடும்பங்களை ஒரேயடியாகத் தூக்கிவிட்டார்கள். இனி டி.என்.ஏ.யைத்தான் பார்க்கவேண்டுமாம். எனக்கு வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை.

என்னுடைய வைரஸ் வெள்ளவத்தைக் கால்வாய்த் தண்ணீரில் கிடைத்தது. கூடப் படித்த கொட்டாஞ்சேனைச் சிநேகிதி தன்னுடையதை வீட்டுப் பக்கத்துக் கழிவுநீர்க் கானிலிருந்து எனக்கு முந்தியே எடுத்திருந்தாள். இரண்டும் ஒரே பற்றீரியாவைத்தான் தாக்கின. ஆனால் இலத்திரன் நுணுக்குக்காட்டியில் என்னுடையதற்கு நீள வால், அவளுடையதற்குக் கட்டை வால். வேறு வேறு குடும்பம் என்று நிம்மதியாக இருந்தோம். புதிய வைரஸ் என்று காட்டினால்தான் ஆய்வேடு நிற்கும்.

புதிய முறை வந்ததால் இரண்டின் டி.என்.ஏ.யையும் வாசிக்க வெளிநாட்டுக்கு அனுப்பினோம். முடிவு மின்னஞ்சலில் வந்த அன்று ஆய்வுகூடத்தில் நாங்கள் இருவரும்தான். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் ஒத்துப்போனால் இரண்டும் ஒரே இனம். ஒப்பிடுகிற மென்பொருளை ஓடவிட்டுவிட்டு உட்கார்ந்திருந்தோம்.

"தொண்ணூற்றெட்டாம்," என்றாள் அவள், திரையைப் பார்த்தபடி.

"விசர்க்கதை கதையாத. உன்ரயின்ர வால் கட்டையெல்லோ!"

"ஐயோ மாதாவே, முறிஞ்சிருக்கு. அண்டைக்கு அவசரத்தில மெஷினை வேகமாச் சுத்தினனான்."

வைரஸைப் பிரித்தெடுக்கிற மெஷினில் வேகமாகச் சுழற்றினால் வால் முறியும் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். அந்த முறிந்த துண்டுக்குத்தான் நாங்கள் ஒரு குடும்பத்தையே கொடுத்து வைத்திருந்தோம்.

பொறுப்பாசிரியை வந்து திரையைப் பார்த்தார். அவள் வைரஸைப் பிடித்தபோது அவர் விடுமுறையில் இருந்தவர்; யாருடையது முந்தியது என்று அவருக்குத் தெரியாது. "அப்ப ஒராள்தான் எழுதலாம். வடிவான படம் உம்மட்டத்தானே இருக்கு, நீரே எழுதும்," என்றார் என்னைப் பார்த்து.

சிநேகிதி கீழே பார்த்துக்கொண்டு கையுறையைக் கழற்றினாள். சொல்லேன்டி, வாயில என்ன கொழுக்கட்டையா என்று அவளைப் பிடித்து உலுக்க வேண்டும்போல் இருந்தது. அவள் சொல்லமாட்டாள் என்று தெரிந்ததும் நானே வாயைத் திறந்தேன்.

"இல்லை மிஸ். இவதான் முதல் எடுத்தவ. என்ர பிறகு."

"ஷுவரா?"

"ஓம் மிஸ்."

"அப்ப நீர் திரும்ப முதல்லயிருந்து தொடங்கவேணும், விளங்குதா?"

விளங்கியது. கழிவறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். அவள் பின்னாலேயே வந்து கதவைத் தட்டினாள். "திறவடி, பிளீஸ்," என்றாள். நான் திறக்கவில்லை. அவள்மேல் அப்படி ஒரு கோபம். அவள் எனக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை என்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.