வியாழக்கிழமை என்று நான் சொன்னேன்

அந்த நாய் எப்போது குட்டி போடும் என்ற கணக்கை நான்தான் போட்டேன். கேட்டவள் எங்கள் பின்வேலிக்கு அப்பால் தனியாக இருக்கும் மீனவப் பெண். கணவன் இறந்து பல வருடம், மகன் கட்டாரில். எங்கள் வீடு கல்முனையில் முஸ்லிம் பக்கத்தின் கடைசி வீடு. வேலியைத் தாண்டினால் தமிழர் தெரு. இந்த வேலிக்கு மேலால் மீனும் முருங்கைக்காயும் போய்வந்து முப்பது வருடமாகிறது.

அவளுக்கு வயிற்றில் ஆப்பரேஷன். மட்டக்களப்பு ஆஸ்பத்திரியில் திகதி கொடுத்துவிட்டார்கள். நாயோ நிறைசினை.

"அவள் கடுவனோட சேர்ந்தது பௌர்ணமிப் போயா முடிஞ்சு அடுத்த நாளா, நாலு நாள் கழிச்சா எண்டு நினைவில்ல சேர். அந்த ஒரு கிழமையும் வளவுக்குள்ள கடுவன் நாயெல்லாம் சண்டை. எப்ப போடுவாள் எண்டு உங்களுக்குக் கணக்குப் பாக்கத் தெரியுமா?"

நான் முப்பத்தைந்து வருடம் விஞ்ஞானம் படிப்பித்தவன். அந்த ஒரு கிழமையின் நடுநாளை எடுத்து அறுபத்துமூன்று நாளைக் கூட்டினேன். வியாழக்கிழமை வந்தது. முன்னுக்குப் பின் நாலைந்து நாள் ஆகலாம் என்பதைச் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும். ஒரு மாணவன் அப்படி ஒற்றை விடை எழுதியிருந்தால் நான் புள்ளி குறைத்திருப்பேன். ஆனால் அவள் என்னை நம்பிக்கையோடு பார்த்துக்கொண்டு நின்றாள். "வியாழக்கிழமை" என்றேன்.

அவள் சனிக்கிழமை புறப்பட்டாள். போகும்போது மூன்று விடயம் சொன்னாள். நாய் சாப்பாட்டை விட்டால் அன்றைக்கோ மறுநாளோ குட்டி வரும். முலையை அமுக்கிப் பார்த்துப் பால் வந்தாலும் அப்படித்தான். முக்கித் திணறி ஒன்றும் வராவிட்டால் உடனே மிருக வைத்தியருக்குக் கோல் எடுக்க வேண்டும். "போனமுறை மூத்த குட்டி குறுக்க மாட்டிட்டு சேர். நான்தான் கைய வெச்சு எடுத்த. அதுதான் எனக்குப் பயம்." நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

முதல் இரண்டு நாளும் சோற்றை எடுத்துக்கொண்டு அவளுடைய வாசலால் போனேன். என் மனைவி மீன் தலையைப் போட்டு ஆக்கிக் கொடுப்பாள். ஞாயிறு அஸர் தொழுதுவிட்டு வரும்போது சந்தித் தேநீர்க் கடைக்காரர் சத்தமாகக் கேட்டார்.

"என்ன சேர், தலப்பிள்ளையா? மருத்துவிச்சிக்குச் சொல்லியாச்சா, இல்ல சேரேதான் மருத்துவிச்சியா?"

வாங்குப் பலகையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். ஒருவர், "நாப்பதாம் நாள் விருந்துக்கு எங்களயும் கூப்பிடுங்க சேர், மறந்திராதீங்க" என்றார். நானும் சிரித்தேன். மறுநாளிலிருந்து வாசலால் போகவில்லை. வேலிக்கு மேலால் தட்டை இறக்கி வைத்துவிட்டுக் கிடுகு இடைவெளியால் பார்ப்பதோடு சரி.

திங்கட்கிழமை அவள் கோல் எடுத்தாள். பக்கத்துக் கட்டில்காரியின் போன். பின்னால் ஆஸ்பத்திரிச் சத்தம்.

"சேர், தொட்டுப் பாத்தீங்களா? பால் இறங்கிட்டா?"

"ஓம், அமத்திப் பாத்தன். ஒண்டும் வரல்ல."

"உங்கட மார்க்கத்தில நாயத் தொடப்படாதெண்டு தெரியும். கஷ்டமெண்டா சொல்லுங்க சேர். பாண்டிருப்பில இருந்து என்ட தங்கச்சிய வந்து நிக்கச் சொல்றன்."

"தேவையில்ல. நான் இருக்கிறன்தானே."

நான் தொட்டிருக்கவில்லை. பத்தடி தூரத்துக்குள்கூடப் போகவில்லை. இதை மார்க்கத்தின் மேல் போட நான் பிறகு பலமுறை முயன்றிருக்கிறேன். ஆனால் எனக்குச் சட்டம் தெரியும். காய்ந்த கை காய்ந்த உடம்பில் பட்டால் ஒன்றுமில்லை. ஈரம் பட்டால் ஏழு தடவை கழுவ வேண்டும், ஒரு தடவை மண் கலந்து. தொட்டவன் என்ன செய்ய வேண்டும் என்று வழி சொல்லித்தான் இருக்கிறது. என்னைத் தடுத்தது தேநீர்க் கடை வாங்குதான்.

செவ்வாய்க்கிழமை காலை, முதல்நாள் பின்னேரம் வைத்த சோறு அப்படியே கிடந்தது. காகங்கள் கொத்திக்கொண்டிருந்தன. நாய் குசினிப் பக்கச் சாய்ப்புக்குள் மண்ணைப் பிறாண்டியது, படுத்தது, எழும்பியது. நான் கண்டேன். கண்டும், கடற்கரையில் மீன் குடலைத் தின்றுவிட்டு வந்திருக்கும் என்று எனக்கு நானே சொன்னேன். வியாழனுக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது. நாயை விட என் கணக்கை நம்பினேன்.

அன்று பின்னேரம் மறுபடி கோல்.

"நாளைக்குக் காலம எனக்கு ஆப்பரேஷன் சேர். அவள் சாப்பிட்டாளா?"

"சாப்பிட்டா. நீங்க யோசிக்காதீங்க."

அவளை நிம்மதியாக ஆப்பரேஷனுக்கு அனுப்பத்தான் அப்படிச் சொன்னேன் என்று ஒரு காலம் நம்பினேன். அதுவும் முழு உண்மையில்லை. சாப்பிடவில்லை என்றால், போய்ப் பாருங்கள் என்பாள். போக வேண்டி வரும்.

புதன்கிழமை லுஹர் தொழுதுவிட்டு வந்து சாப்பிட உட்கார்ந்தேன். வேலிக்கு அப்பால் முனகல் கேட்டது. மனைவி கறிச்சட்டியை வைத்துவிட்டு ஒரு வார்த்தையும் கேட்காமல் போனாள். கொஞ்ச நேரத்தில் அவளுடைய குரல்:

"இஞ்ச வாங்க! கெதியா வாங்க! குட்டி பாதியில நிக்கிது! உங்கட பழைய சாரன் ஒண்டு கொண்டாங்க!"

சாரனைக் கொண்டுபோய்ச் சாய்ப்பு வாசலில் நின்று எறிந்தேன். அவள் அதைக் கையில் சுற்றிப் பிடித்து, நாய் முக்கும்போது மெல்ல இழுத்தாள். "பொறு புள்ள, பொறு, முடிஞ்சிரும்" என்று நாயிடம் கதைத்துக்கொண்டே இழுத்தாள். எங்கள் மகளின் பிரசவத்துக்கும் அவள்தான் பக்கத்தில் நின்றவள். வந்த குட்டி செத்திருந்தது. நான் வைத்தியருக்குக் கோல் எடுத்தேன்.

அவர் வரும் வரையில் மனைவி கிணற்றடியில் மண்ணைக் குழைத்துப் பூசி, ஏழு தடவை எண்ணிக் கைகளைக் கழுவினாள். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

வைத்தியர் இளம் மனிதர், மோட்டார் சைக்கிளில் வந்தார். நாயின் வயிற்றைத் தடவிப் பார்த்தார். உள்ளே இன்னும் குட்டி இருக்கிறது என்றார். பிறகு என்னிடம் கேட்டார்:

"எப்பயிருந்து சாப்பிடல்ல? முக்குற நோ எப்ப தொடங்கின?"

மனைவி என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வேலியோரம் இரண்டு மூன்று பேர் கூடியிருந்தார்கள், தேநீர்க் கடைக்காரரும் அதில் ஒருவர். நேற்றுக் காலையிலிருந்து என்று சொன்னால், நேற்று முழுதும் நீ என்ன செய்தாய் என்ற கேள்வி வரும்.

"இண்டைக்குக் காலமதான்" என்றேன்.

"அப்ப ஒரு ஊசி போட்டுப் பாப்பம். நேற்றே தொடங்கியிருந்தா இந்த ஊசி ஆபத்து. அம்பாறைக்குக் கொண்டு போய் வெட்டித்தான் எடுக்கணும்."

இதைக் கேட்ட பிறகும் நான் வாயைத் திறக்கவில்லை. எழுத உட்கார்ந்ததே இந்த ஒரு வரியை எழுதத்தான். முன்னே சொன்ன பொய்களுக்குச் சோம்பல், வெட்கம் என்று ஏதாவது பெயர் வைக்கலாம். அவர் ஊசியில் மருந்தை இழுத்த அந்த அரை நிமிடத்துக்கு என்னிடம் பெயர் இல்லை.

ஊசி போட்டுக் கொஞ்ச நேரத்தில் ஒரு குட்டி உயிரோடு வந்தது. அதன் பின் இரத்தம் நிற்கவில்லை. நாய் குட்டியை இரண்டு தடவை நக்கிவிட்டுத் தலையைச் சாய்த்தது. வைத்தியர் வெகுநேரம் குனிந்தே இருந்தார். "உள்ளுக்குக் கிழிஞ்சிட்டுது போல. இது இண்டைக்குத் தொடங்கின நோ மாதிரித் தெரியல்ல சேர்" என்றார். அதற்கு மேல் கேட்கவில்லை. அவர் போன பிறகு நான் வளவில் குழி வெட்டினேன். இந்த விடயத்தில் என் கையால் செய்த ஒரே வேலை அதுதான்.

உண்மையைச் சொல்லியிருந்தாலும் அம்பாறை போகும் வழியிலேயே செத்திருக்கலாம். அந்தச் சந்தேகத்தைப் பிடித்துக்கொண்டு பல நாள் தூங்கப் பார்த்தேன்.

அவள் அடுத்த கிழமை வந்தாள். என் மனைவி பஞ்சில் பால் நனைத்து வளர்த்துவைத்திருந்த குட்டியை மடியில் வாங்கிக்கொண்டு அழுதாள். பிறகு தெருவில் போகிறவர்களையெல்லாம் நிறுத்திச் சொன்னாள்: "சேர் ஒரு முஸ்லிம் ஆள். எனக்காக அவளத் தொட்டு, பால் அமத்தியெல்லாம் பாத்தவர். எங்கட ஆக்களே செய்யமாட்டாங்க." தேநீர்க் கடைக்காரரும் இப்போது வாங்கில் இடம் ஒதுக்கி, "சேர்ட மனசு ஆருக்கு வரும்" என்றார். பாராட்டைக் கேட்டுக்கொண்டு தேநீரைக் குடித்தேன்.

வீட்டில் மனைவி சொன்னாள்: "நீங்க தொட்டதா அவ செல்லித் திரியிறா. நான் ஒண்டும் செல்லல்ல."

மறுநாள் காலையில் வாசலாலேயே அவளிடம் போனேன். குட்டி அவளுடைய காலடியில் நெளிந்துகொண்டிருந்தது. உட்காரச் சொன்னாள். நின்றபடியே சொன்னேன். தொடவில்லை என்பதை, செவ்வாய்க்கிழமை சாப்பிடவில்லை என்பதை.

அவள் யோசித்தாள். "அப்ப, டொக்டர் வந்து கேட்டிருப்பாரே?"

"கேட்டார்."

"அவருக்கும் சாப்பிட்டதெண்டா சொன்னீங்க?"

"ஓம். இண்டைக்குக் காலமதான் விட்ட எண்டு சொன்னன்."

ஏசுவாள் என்று நினைத்தேன். ஏசியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும். "ஏலாது எண்டு ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா போதுமே சேர். என்ட தங்கச்சி வந்திருப்பாளே" என்றாள். குட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

போன மாதம் அவள் கிளினிக்குக்காக மட்டக்களப்புக்குப் போக வேண்டியிருந்தது. வேலியருகில் வந்து நின்றாள். நான் அங்கேதான் கதிரையில் பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்தேன். "ராத்தா" என்று என் மனைவியைக் கூப்பிட்டாள். குசினிக்குள் இருந்தவள் கையைத் துடைத்துக்கொண்டு வரும்வரை காத்திருந்தாள். குட்டிக்கு எத்தனை மணிக்கு என்ன கொடுக்க வேண்டும், எங்கே படுக்கும், எதற்குப் பயப்படும் என்று ஒவ்வொன்றாக அவளுக்குச் சொன்னாள். எல்லாம் எனக்கும் கேட்டது. என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. போகும்போது, "வாறன் சேர்" என்று எப்போதும் போலச் சொல்லிவிட்டுத்தான் போனாள்.