மயிலிட்டிக் கூடத்தில் ஒரு விசைப்படகு

வெள்ளிக்கிழமை காலை ஏழரை மணிக்கு நாகப்பட்டினத்திலிருந்து கப்பல் கிளம்பியது. என் கையில் ஒரு துணிப்பை, தோளில் நீளமான பிளாஸ்டிக் குழாய். குழாய்க்குள் இரண்டு வருடங்களுக்கு முன்பு நான் வரைந்த ஓவியம் சுருண்டு கிடந்தது. யாழ்ப்பாணத்தின் வடகரையில், மயிலிட்டி மீன்பிடித் துறைமுகத்துக்குப் பக்கத்தில், ஐந்து பேர் சேர்ந்து நடத்தும் ஓவியக் கண்காட்சிக்கு அது போகிறது. நால்வர் அந்தப் பக்கத்துக்காரர்கள். ஐந்தாவது ஆள் நான்.

வழியனுப்ப வந்த என் அண்ணன் முருகேசன் விசைப்படகு ஓட்டுகிறவன். ஓவியத்தில் இருப்பது அவன் ஓட்டும் படகுதான். மூன்று நாள் கடலில் கிடந்துவிட்டுக் கரை திரும்பும் படகு. மேல்தளத்தில் தூக்கம் செத்த நான்கு முகங்கள். படகு முதலாளி அந்த ஓவியத்தைப் பார்த்துவிட்டு ஒரு வாரம் அண்ணனிடம் பேசவில்லை. அதில் எனக்குப் பெருமைதான்.

"அங்க போயி நம்ம ஆளுங்கள விட்டுக்குடுத்துப் பேசிடாத" என்றான் அண்ணன்.

"நான் எதுக்குப் பேசணும்? படம் பேசிக்கும்" என்று சொல்லிவிட்டு ஏறினேன்.

கடலில் ஏறக்குறைய நூற்றுப் பத்துக் கிலோமீட்டர், நான்கு மணி நேரம். மதியத்துக்குக் கொஞ்சம் முன்னால் காங்கேசன்துறையில் இறங்கினோம். குழாயைத் திறந்து காட்டச் சொன்ன அதிகாரி, ஓவியத்தைப் பாதி விரித்ததும் "ஆ, றோலர்" என்றார். சிரிக்கவில்லை. முத்திரை குத்திக் கொடுத்துவிட்டார். எங்கள் ஊரில் விசைப்படகு என்று சொல்வதற்கு இங்கே றோலர் என்று பெயர். அந்தச் சொல்லை அவர்கள் எந்தக் குரலில் சொல்வார்கள் என்பதையும் அப்போதுதான் முதன்முதலாகக் கேட்டேன்.

மயிலிட்டிக்கு ஆட்டோவில் இலங்கைக் காசு எண்ணூறு ரூபாய் கேட்டார்கள். பக்கத்தில்தான், ஐந்தாறு கிலோமீட்டர் இருக்கும். இருபக்கமும் கூரையில்லாத பழைய வீடுகள், நடுநடுவே சுண்ணாம்பு காயாத புது வீடுகள். போர்க்காலத்தில் காலிசெய்யப்பட்ட ஊர் இது. இருபது வருடங்களுக்கும் மேலாகச் சனம் உள்ளே வர முடியாமல் இருந்தது.

"ஆர் வீட்டை போறியள்?" என்றார் ஓட்டுநர்.

"கண்காட்சிக்கு."

"ஓ, படம் கீறுற ஆளோ நீங்கள்?"

எங்கள் ஊரில் நகத்தால் கீறுவோம், முள் கீறும். இங்கே வரைவதே கீறுவதுதான். "ஆமாங்க, கீறுறவதான்" என்றேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

துறைமுகத்தருகே வண்டி திரும்பியபோது நான் நிறுத்தச் சொன்னேன். எல்லை தாண்டியதாகப் பிடிக்கப்பட்ட தமிழ்நாட்டுப் படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடந்தன. நம்மூர் எழுத்தில் சாமி பெயர்கள், பதிவு எண்கள். சில படகுகள் சாய்ந்து, பாதி உடம்பு தண்ணீருக்குள் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு வீடு இருப்பது எனக்குத் தெரியும்.

கண்காட்சி நடந்த இடம் மீனவர் சங்கத்தின் பழைய வலைக்கூடம். சுகந்தி வாசலிலேயே நின்றாள். கரவெட்டிக்காரி, பள்ளிக்கூடத்தில் சித்திரம் படிப்பிக்கிறாள். ஆட்களைக் கூட்டியது, கூடத்தைக் கேட்டு வாங்கியது எல்லாம் அவள்தான். "அழகான படம் கீறிச் சுவரிலை மாட்டிப்போட்டுப் போறதுக்கு நாங்கள் தேவையில்லை அக்கா. சனம் படத்தோடை சண்டை பிடிக்கவேணும்" என்றாள்.

அவளுடைய ஓவியத்தில் ஒரு கிராமக் கூட்டம் நடக்கிறது. நாற்காலிகளில் ஆண்கள். சுவரோரம் நிற்கும் பெண்களைச் சுவரின் நிறத்திலேயே தீட்டியிருந்தாள். பக்கவாட்டில் நின்று பார்த்தால்தான் தெரிவார்கள். சாவகச்சேரியிலிருந்து வந்த ஓவியர் ஒரே குடும்பப் படத்தை ஏழு தடவை வரைந்து, ஒவ்வொன்றிலும் ஒருவரை மேல்பூச்சால் மறைத்திருந்தார். ஏழாவதில் ஒரு தாய் மட்டும் இருந்தாள். நான் அதன் முன்னால் வெகுநேரம் நின்றேன்.

நாலு மணிக்கு என் ஓவியத்தை மாட்டினோம். நாலேகாலுக்குச் சங்கத்திலிருந்து மூன்று பேர் வந்தார்கள். முன்னால் வந்தவர் செல்வராசா. ஐம்பது வயதிருக்கும். சின்னப் படகில் வலை போடுகிறவர்.

"உந்தப் படம் இஞ்சை தொங்கக் கூடாது" என்றார்.

"அப்ப அஞ்சு படத்தையும் கழட்டுறம் அண்ணை" என்றாள் சுகந்தி, கொஞ்சமும் தயங்காமல்.

அவள் எனக்காக வாதாட வேண்டியதில்லை என்று தோன்றியது. "அண்ணே, வரைஞ்சது நான். என்ன தப்புன்னு என்கிட்டயே சொல்லுங்க" என்றேன்.

அவர் ஓவியத்தின் கிட்டப் போனார். நான்கு முகங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"பிள்ளை, நல்லாத்தான் கீறியிருக்கிறியள். களைச்சுப்போன முகம், அது எங்களுக்கும் தெரியும். ஆனா பின்னாலை இழுபடுற மடிவலை எங்கை? அது வழிச்சு அள்ளிக்கொண்டு போற கடலடி நிலம் எங்கை? போன மாசமும் என்ரை வலையை அறுத்துக்கொண்டு போச்சினம். உங்கடை படத்திலை கடல் சும்மா நீலமாக் கிடக்குது."

படகுக்குக் கீழே இரண்டடி உயரத்துக்கு நீலம். அந்த நீலத்துக்காகப் பதினொரு நாள் உழைத்திருந்தேன். பார்த்தவர்கள் எல்லோரும் பாராட்டியதும் அதைத்தான். முதலாளியைக் கேள்வி கேட்டுவிட்டேன் என்ற நிறைவில், மேல்தளத்தில் நின்றுகொண்டே கடலைப் பார்த்திருக்கிறேன். அவர் சொன்னது சரி. சரியென்று ஒப்புக்கொள்ள எனக்கு அரை நிமிடம் ஆனது.

"நாளைக்கு விடியக்காலைல நீங்க வர முடியுமா? கடலுக்கு அடியில எப்படி இருக்கும்னு சொல்லுங்க. நான் திரும்ப வரையுறேன்."

"உந்தப் படத்தை அழிக்கப் போறியளோ?" அவருக்கு நம்பிக்கை வரவில்லை.

"ஆமா. கடலை மட்டும்."

சனிக்கிழமை ஆறு மணிக்கு அவர் வந்துவிட்டார். பட்டைக்கத்தியாலும் உப்புத்தாளாலும் நீலத்தைச் சுரண்டத் தொடங்கினேன். முதல் இழுப்பில் கை கூசியது, பிறகு பழகிவிட்டது. துணியின் நூல் தெரிகிற வரைக்கும் இறங்கினேன். அவர் நாற்காலியில் இருந்து சொல்லிக்கொண்டே இருந்தார்: இளவயதில் மூழ்கிப் பார்த்த பவளப்பாறை, கடலட்டை கிடக்கும் மணல், மடி போன பிறகு உழுத வயல்போலக் கிடக்கும் தரை.

"அப்பிடியில்லை, இன்னும் ஆழமாக் கீறுங்கோ."

நான் நகத்தாலும் கீறினேன்.

ஒரு கட்டத்தில் அவர் கேட்டார். "முகங்களையும் அழிச்சால் என்ன?"

கத்தியைக் கீழே வைத்தேன். "அதைத் தொடமாட்டேன் அண்ணே. இது என் அண்ணன். இவங்க கூட வேலை பார்க்குறவங்க. மடி இழுக்குறதும் நிஜம், இவங்க களைப்பும் நிஜம்."

அவர் எழுந்து வந்து அந்த முகங்களை மறுபடி பார்த்தார். பிறகு, "ஓம். அது இருக்கட்டும்" என்றார்.

பத்து மணிக்குக் கதவு திறந்தபோது, புதிதாக வரைந்த மடியின் கயிற்றில் வண்ணம் இன்னும் காயவில்லை. நூறு பேராவது வந்திருப்பார்கள். சுகந்தியின் ஓவியத்தைப் பக்கவாட்டில் நின்று பார்த்த பெண்கள் ஒருவரையொருவர் கூப்பிட்டுக் காட்டினார்கள். என் ஓவியத்தின் முன்னால் சண்டையே தொடங்கியது. கொளுத்த வேண்டும் என்றார் ஒருவர். கொழும்புக்குக் கொண்டுபோய்க் காட்ட வேண்டும் என்றார் இன்னொருவர். அப்போது கருவாடு போடும் ஒரு பெண் முன்னே வந்து கேட்டாள்:

"இழுவைமடி எங்கடை ஆக்களும் போடுகினம் தானே அண்ணை? அதை ஆர் கீறுறது?"

எல்லோரும் செல்வராசாவைப் பார்த்தார்கள். அவர் ஓவியத்தைப் பார்த்தார்.

"ஓம். போடுகினம்" என்றார். "அதையும் கதைக்கத்தான் வேணும்."

மதியச் சாப்பாட்டுக்குக்கூட யாரும் கலையவில்லை. எத்தனையோ நகரங்களின் குளிரூட்டிய கூடங்களில் என் ஓவியங்கள் தொங்கியிருக்கின்றன. அங்கே பார்வையாளர்கள் தலையசைத்துவிட்டுப் போவார்கள். வண்ணமும் துணியும் ஒரு ஊரை இப்படித் தன்னையே கேள்வி கேட்க வைக்கும் என்பதை நான் மேடைகளில் சொல்லியிருக்கிறேன். கண்ணால் பார்த்தது மயிலிட்டியில்தான்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் காங்கேசன்துறையில் கப்பலுக்குக் காத்திருந்தேன். கண்காட்சி முடிந்ததும் ஓவியத்தை அனுப்பிவைப்பதாகச் சுகந்தி சொல்லியிருந்தாள். காலையில் அண்ணனுக்கு அதன் புகைப்படத்தை அனுப்பியிருந்தேன். இப்போது கூப்பிட்டான்.

"அந்த நீலத்தப் போயி கெடுத்துட்டியே."

"கெடுக்கலண்ணே. பாதியில விட்டிருந்தேன். இப்பதான் முடிச்சேன்."

"நீ அங்கயே வச்சிட்டு வந்துட வேண்டியதுதான்."

"இல்ல. நம்ம துறைமுகத்து ஏலக்கூடத்துல மாட்டணும். நம்ம ஆளுங்க பார்க்கணும்."

அவன் திட்டுவான் என்று நினைத்தேன். போனில் காற்றுச் சத்தம்தான் கேட்டது. இங்கே அந்த ஓவியத்தை மாற்றி வரைவது எனக்குச் சுலபமாக இருந்தது. கடல் யாருடையது என்று இந்தக் கரைக்குச் சந்தேகம் இல்லை. எங்கள் கரையில் அதே ஓவியம் என் அண்ணனின் சோற்றைப் பற்றிய கேள்வி. அவனோடு கடலுக்குப் போகும் மூன்று பேரின் வீடுகளைப் பற்றிய கேள்வி. அதனாலேயே அது அங்கே தொங்க வேண்டும். எனக்கு அதில் சந்தேகம் வரவில்லை.

கப்பலுக்கு ஏறச் சொல்லி அறிவித்தார்கள். துண்டித்துவிட்டானோ என்று போனைப் பார்த்தேன். இல்லை, இருந்தான்.

"செவுரு எத்தன அடி வேணும்?" என்று கேட்டான்.