கை நீட்டி வாங்கிய புகையிலை

டெல்ஃபின் மஸ்கேகோ கனடாவின் சஸ்காச்சுவானில் ஒரு பல்கலைக்கழகத்துச் சமையற்கட்டில் இருபத்தாறு வருஷம் தட்டுக் கழுவினாள். அத்தனை வருஷத்தில் ஒருத்தனும் அவள் பெயரைக் கேட்டதில்லை. ஓய்வுபெற்ற மறு வருஷம் பூர்வகுடிகளோடு உறவைச் சரிசெய்யவென்று நல்லிணக்க அலுவலகம் என்று ஒன்றைத் திறந்தார்கள். எங்கள் பூர்வகுடியின் கிரீ மொழியில் பிரார்த்தனை சொல்ல ஆள் வேண்டுமாம். அன்றிலிருந்து அவள் உள்ளே நுழைந்தால் பேராசிரியர்கள் எழுந்து நிற்கிறார்கள். வந்துவிட்டது மரியாதை, பெரிய மரியாதை!

எங்கள் ஆட்களிடம் ஒன்றைக் கேட்க வேண்டுமென்றால் புகையிலை கொடுத்துத்தான் கேட்க வேண்டும். கை நீட்டி வாங்கிவிட்டால் வாக்குக் கொடுத்த மாதிரி. முடியாதென்றால் வாங்கவே கூடாது. இதை மட்டும் அலுவலகத்து லிண்ட்சே மூன்றே நாளில் கற்றுக்கொண்டாள். அப்புறம் திறப்பு விழா, பட்டமளிப்பு, காலை விருந்து என்று எதற்கும் ஒரு பொட்டலம் வந்து சேரும். டெல்ஃபினும் வாங்குவாள், முட்டி வலியோடு போய் நிற்பாள்.

போன வசந்தத்தில் பல்கலைக்கழகம் தன் கிடங்கில் கிடக்கும் பொருள்களின் பட்டியலை வெளியிட்டது. அதில் ஒரு வரி: தலைமுடி, ஒரு சடை, ரோஸ் மஸ்கேகோ, வயது ஒன்பது. ரோஸ் டெல்ஃபினின் தங்கச்சி. அரசாங்கம் பிடித்துக்கொண்டு போய் விடுதிப் பள்ளியில் போட்ட பிள்ளை. போன அன்றைக்கே சடையை அறுத்தார்கள். பிள்ளைகளை அளவெடுக்க வந்த ஆராய்ச்சிக்காரன் ஒருவன் அதை எடுத்துப் போயிருக்கிறான். அந்தக் குளிர்காலத்திலேயே ரோஸ் செத்தாள். எங்கே புதைத்தார்கள் என்று இன்றுவரை எவனும் சொல்லவில்லை. "அவளோட ஏதாவது ஒண்ணு கிடைச்சா என் பக்கத்துல வை" என்று சொல்லித்தான் அம்மா கண்ணை மூடினாள்.

டெல்ஃபின் சிவப்புத் துணியில் புகையிலையை முடிந்துகொண்டு ஒரு விருந்தில், எல்லோரும் பார்க்க, துணைவேந்தர் ஹால்வர்சனிடம் போய் நீட்டினாள்.

"ஐயா, என் தங்கச்சி சடையைக் கொடுத்துடுங்க. எங்கம்மா பக்கத்துல புதைக்கணும்."

அந்த மனுஷன் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். கண்கூடக் கலங்கினார். சபை கைதட்டியது. டெல்ஃபின் வீட்டுக்குப் போய், மண் உறைவதற்குள் அம்மா கல்லறைப் பக்கத்தில் ஒரு குழி தோண்டிவிடச் சொன்னாள் மகனிடம். வாங்கிவிட்டாரே, அப்புறம் என்ன?

கோடை போயிற்று. கேட்டால், இதை முடிவு செய்யக் குழு கூடுகிறது என்றார்கள். பனி விழுந்து குழியும் மூடிப்போனது. ஜனவரியில் லிண்ட்சே புகையிலையோடு வந்தாள். புதிதாகக் கட்டிய நல்லிணக்க மையத்தைத் திறக்கப் பிரார்த்தனை வேண்டுமென்றாள். அங்கே வைத்துத்தான் சடையைக் கொடுக்கப் போகிறார்கள் என்று நினைத்து டெல்ஃபின் வாங்கிக்கொண்டாள், பாவி மனுஷி.

மையத்து வாசலிலேயே கண்ணாடிப் பெட்டி. உள்ளே ரோஸின் சடை, நுனியில் அம்மா கட்டிவிட்ட அதே நீல நாடா. பக்கத்தில் அந்தச் சிவப்புத் துணி முடிச்சு. கீழே அட்டையில், 'மஸ்கேகோ குடும்பத்தின் அன்பளிப்பு' என்று போட்டிருந்தது.

என்ன இது என்று லிண்ட்சேயைக் கேட்டாள்.

"நீங்கதானே எல்லார் முன்னாடியும் புகையிலை கொடுத்தீங்க? அதைச் சம்மதம்னு குழு எடுத்துக்கிச்சும்மா."

டெல்ஃபின் அப்படியே திரும்பிப் போயிருக்கலாம். ஆனால் கை நீட்டி வாங்கியாயிற்றே. மைக் முன்னால் போய் நின்று, பெட்டியைப் பார்த்துக் கிரீயில் பேசினாள்.

"ரோஸி, நான் வாங்கிட்டேன், அதனால நிக்கிறேன். இவங்களும்தான் வாங்கினாங்க. உன்னை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போக என்னால முடியல. மன்னிச்சுக்கோடி."

அங்கே ஒருவருக்கும் ஒரு வார்த்தை புரியவில்லை. தலை குனிந்து கேட்டார்கள், முடிந்ததும் கைதட்டினார்கள்.

லிண்ட்சே கண்ணைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்தாள். இதே பிரார்த்தனையைப் பதிவு செய்து பெட்டிக்குப் பக்கத்தில் தினமும் போட வேண்டுமாம். பையிலிருந்து அடுத்த பொட்டலத்தை எடுத்து நீட்டினாள்.

டெல்ஃபின் இரண்டு கையையும் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டாள்.

"குளிருதாம்மா?" என்று கேட்டாள் லிண்ட்சே.