ஈறழகி

எங்கள் பார்லரில் இரண்டு நாற்காலிகள். சன்னல் பக்கத்து நாற்காலி என்னுடையது, உள்பக்கம் இருப்பது அவளுடையது. எதிரே சுவர் முழுக்கக் கண்ணாடி. புருவம் திருத்துவதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. நாங்களெல்லாம் நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டுதான் வேலை செய்வோம். அவள் மட்டும் கழுத்தில் ஒரு சுருக்குப் போட்டுக்கொண்டு, அதிலிருந்து நூலை இழுப்பாள். பல்லில் கடிக்க வேண்டுமென்றால் முகமூடியைக் கழற்ற வேண்டுமே, அதற்காகத்தான் இந்தக் கூத்து.

வருகிற பெண்களெல்லாம் "மாஸ்க் அக்கா இருக்காங்களா?" என்றுதான் கேட்பார்கள். பவுடர் வாசனை ஒத்துக்கொள்ளாது என்று எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தாள். ஊரே முகமூடி போட்டுக்கொண்டு மூச்சு முட்டிப் புலம்பிய காலத்தில், நிம்மதியாக நடமாடியவள் அவள் ஒருத்திதான்.

வேக்ஸ் டப்பாக்கள் அடுக்கிய பின்னறையில் மதியச் சாப்பாடு. அங்கேயும் சுவரைப் பார்த்துத்தான் உட்காருவாள். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கிற ஜென்மம் இல்லை. ஃபேஷியல் போட வந்து குறட்டை விட்ட மேடத்தைப் போல நான் குறட்டை விட்டுக் காட்டினால் அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வரும். உடனே கை வாய்க்குப் போகும். பாதியில் சிரிப்பை நிறுத்திவிட்டு, யாரோ கூப்பிட்ட மாதிரி சட்டென்று திரும்பிப் பார்ப்பாள். அங்கே திரைச்சீலைதான் இருக்கும்.

ஒருநாள் எனக்குப் பொறுக்கவில்லை. "ஏன்டி, பேயா நிக்குது உன் பின்னாடி?"

"பேயா இருந்தாக்கூடப் பரவாயில்லக்கா" என்றாள். அன்றைக்குத்தான் சொன்னாள்.

அவள் படித்த பள்ளியில், கடைசி வருடத்தின் கடைசி நாளில், பெண்கள் ஒருத்திக்கொருத்தி பட்டம் சூட்டிக்கொள்வார்களாம். கலர் சார்ட்டை நீளமாக வெட்டி, பெயர் எழுதி, தோளிலிருந்து இடுப்பு வரை குறுக்கே போட்டுக் குண்டூசி குத்துவார்கள். கண்ணழகி, கூந்தலழகி, நடையழகி. வகுப்பு லீடர்தான் ஒவ்வொருத்தியாகக் கூப்பிட்டுக் குத்தினாள். இவள் முறை கடைசியில் வந்தது.

"நான் என்ன அழகியோன்னு காலையிலேர்ந்து நெனச்சுக்கிட்டே இருந்தேன்க்கா. குத்துனப்போ எழுத்து எனக்குத் தலைகீழாத் தெரிஞ்சுது, சரியாப் படிக்கல. எல்லாரும் சிரிச்சாங்க. நல்லதாத்தான் எழுதியிருக்குன்னு நானும் சிரிச்சேன். 'பாருங்கடி, பாருங்கடி, சிரிக்கறா'ன்னு லீடர் கத்துனா. நான் இன்னும் நல்லா சிரிச்சேன்."

அதோடு பஸ் ஏறி வீடு வரைக்கும் வந்திருக்கிறாள். சிரித்தால் அவளுக்கு மேல் ஈறு முழுக்கத் தெரியுமாம். கழற்றி மேசையில் வைத்த பிறகுதான் படித்தாளாம். ஈறழகி.

நான் சாப்பாட்டு டப்பாவைப் படாரென்று மூடினேன். "அவ நாசமாப் போக! எங்கடி இருக்கா இப்போ?"

"தெரியாதுக்கா. முகம்கூட மறந்துபோச்சு. குரல் மட்டும் போகல. நான் சிரிக்க ஆரம்பிச்சா, பின்னாலேர்ந்து கரெக்டா 'பாருங்கடி, சிரிக்கறா'ன்னு சொல்லுது."

அதைக் கேட்ட பிறகு, அவள் திரும்பும்போதெல்லாம் நானும் அந்தத் திரைச்சீலையைப் பார்க்க ஆரம்பித்தேன். வெட்கக்கேடுதான், என்ன செய்வது?

அவளுக்கு ஒரே மகள், ஒன்பதாம் வகுப்பு. என்னைப் பெரியம்மா என்றுதான் கூப்பிடும். போன மாதம் பள்ளியில் வகுப்புப் படம் எடுத்துப் பெற்றோருக்கெல்லாம் போனில் அனுப்பினார்கள். அதைத் திறந்தவள் முகத்தில் ஈயாடவில்லை. போனை என்னிடம் நீட்டினாள். வரிசையாகப் பெண்கள் கையைத் தொங்கவிட்டுக்கொண்டு இளித்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் இவள் மகள் மட்டும் உள்ளங்கையால் வாயை மூடிக்கொண்டு நின்றாள்.

"யாரோ என் பொண்ணுக்குப் பட்டம் வெச்சுட்டாங்கக்கா. அந்தக் குரல் அவளையும் பிடிச்சுடுச்சு."

வீட்டில் தினமும் பார்க்கிற பிள்ளைதானே, இதுவரை கண்ணில் படவில்லையா என்று கேட்டேன். பட்டதே இல்லையாம். அவளுக்குச் சிரிப்பென்றாலே வாயை மூடுவதுதான். அத்தனை பெண்களுக்கு நடுவில் பார்த்தபோதுதான் உறைத்திருக்கிறது.

"எம் பொண்ணு என்னை மாதிரி ஆகக் கூடாதுக்கா. நீங்க வாங்க. எனக்குச் சண்டை போட வராது."

சண்டையென்றால் எனக்குச் சொல்லியா தர வேண்டும்? வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று வளர்ந்தவள் நான். அரை நாள் லீவு போட்டுவிட்டு, வரிந்துகட்டிக்கொண்டு போனோம்.

வகுப்பு டீச்சர், மகளையும் அவளோடு எப்போதும் திரியும் மூன்று பெண்களையும் தாழ்வாரத்துக்குக் கூப்பிட்டார். நான் எடுத்த எடுப்பில் ஆரம்பித்தேன்.

"எங்க பொண்ணுக்கு யாருடி பட்டம் வெச்சது? அவ வாயில என்ன கண்டீங்க?"

"கொஞ்சம் மெதுவாப் பேசுங்க" என்றார் டீச்சர்.

மூன்று பெண்களும் திருதிருவென்று விழித்தார்கள். பயத்தில் ஒருத்திக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கை வாய்க்குப் போயிற்று. அடுத்தவளும் சிரித்தாள், அவள் கையும் போயிற்று. மூன்றாமவளுக்கும் அப்படியே. அதே உள்ளங்கை, அதே சாய்ந்த விரல்கள். நான் வருடக்கணக்காகப் பின்னறையில் பார்த்த அதே கை.  பக்கத்தில் நின்ற அம்மாக்காரி என் முழங்கையை இறுக்கிப் பிடித்தாள்.

"யாரும் ஒண்ணும் சொல்லல ஆன்ட்டி" என்றாள் உயரமானவள். "இவ இப்படித்தான் சிரிப்பா. பார்க்க நல்லா இருந்துச்சு. இப்போ எங்களுக்கும் ஒட்டிக்கிச்சு."

எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. மகள் அம்மாவைப் பார்த்தாள்.

"என்னம்மா நீ? யார் சொல்லணும் எனக்கு? நீதானே இப்படிச் சிரிப்பே?"

"உனக்கு உங்கப்பா வாய்டி! ஈறே தெரியாது. நீ எதுக்கு மூடணும்?"

"நீ எதுக்கு மூடறே?"

அவள் முகமூடியை இன்னும் மேலே இழுத்துவிட்டுக்கொண்டாள். 

"ஒரே ஒரு தடவை சிரிம்மா. நீ வாயை மூடாம சிரிச்சு நான் பார்த்ததே இல்ல."

டீச்சர் மற்ற பெண்களை உள்ளே அனுப்பிவிட்டார். அவள் முகமூடியைத் தாடைக்குக் கீழே இறக்கினாள். சிரிக்கப் பார்த்தாள், கை மேலே வந்தது. மகள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். மற்றக் கை வந்தது, அதையும் பிடித்துக்கொண்டாள். இப்போது இரண்டு பேருக்குமே மூடக் கை இல்லை. அழுகையும் சிரிப்புமாக ஏதோ ஒன்று வந்தது. ஈறு தெரிந்தது. அவ்வளவுதான். அடிப்பாவி, இதற்கா இத்தனை வருஷம்!

மகள் வாய் திறந்து சிரித்தாள். ஆனால் அம்மாவின் கண் மகள்மேல் இல்லை. மகளின் தோளுக்குப் பின்னால், மூடிய வகுப்புக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரும்பும்போது பஸ்ஸில் என் காதோரம் கேட்டாள். "அங்க யாராச்சும் ஏதாச்சும் சொன்னாங்களாக்கா?"

"யாரும் ஒண்ணும் சொல்லலடி."

"எனக்குக் கேட்டுச்சே."

நான் அவள் முகத்தைப் பார்த்தேன். முகமூடி இன்னும் தாடையில்தான் கிடந்தது. இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்து, அவற்றின் மேலேயே அழுத்தி உட்கார்ந்திருந்தாள்.