பொய்யனுக்குப் பூ கேட்ட கதை

கைப்பேசிச் செயலி ஒன்றில் மாயாஜாலத் தொடர்கதை எழுதிக்கொண்டிருந்தேன். நாயகன், யாளி மேல் ஏறிப் பறக்கும் இளவரசன். வாயைத் திறந்தால் பொய். தளபதியிடம் பொய், காதலியிடம் பொய், பசியோடு நிற்கும் யாளியிடம்கூடத் தீனி வந்துகொண்டே இருக்கிறது என்று பொய். அவன் என்றால் என் அண்ணி உயிரை விடுவார். மாரண்டஹள்ளித் தக்காளி மண்டியில் தன்னோடு பழம் தரம் பிரிக்கும் பெண்களுக்கு வாராவாரம் அவர்தான் சத்தமாகப் படித்துக் காட்டுவார்.

கடைசி அத்தியாயத்தை வெளியிடும் முன் மண்டிக்கே போய் அண்ணியிடம் காட்டினேன். இளவரசன் ஒரு புனிதக் குளத்தில் மூழ்கி எழுகிறான், பொய்யை விட்டுவிடுகிறான், முடிசூட்டு விழா, பூமாரி. அண்ணி போனைத் தக்காளிப் பெட்டி மேல் டக்கென்று வைத்தார்.

"ஏம்மா, யாரு இந்தாளு? இத்தினி நாளா நாங்க படிச்ச பையன எங்க வுட்டுட்ட?"

"திருந்திட்டான் அண்ணி."

"ஒரு முழுக்குல திருந்திட்டானா? போம்மா அந்தாண்ட!"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. எழுதுகிறவளுக்கல்லவா தெரியும் அந்தப் பாடு! "அப்ப கொன்னுடறேன்," என்றேன். பொய் பொறுக்காமல் யாளியே அவனை வானத்திலிருந்து உதறிவிடும், வேலையும் சீக்கிரம் முடியும். சுற்றியிருந்தவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். அண்ணி சிரிக்கவில்லை.

"அத நீயா முடிவு பண்ணாத. அம்மன்கிட்ட பூ கேட்டுருவோம்."

எங்கள் பக்கம் பெண் எடுப்பதா, போர்வெல் போடுவதா என்று குழம்பினால் கோயிலில் பூ கேட்பது வழக்கம். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டிப் போட்டு, பார்க்காமல் ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் இளவரசன் பிழைப்பான், சிவப்பு வந்தால் போய்ச் சேருவான் என்று பேச்சு. கதையில் வருகிறவனுக்குப் பூ கேட்டவர்கள் உலகத்திலேயே நாங்களாகத்தான் இருப்போம்.

கோயிலில் பூசாரி வழக்கம்போலக் கேட்டார்: "பையனுக்கு என்ன நட்சத்திரம்ங்க?"

நான் திருதிருவென்று விழித்தேன். யாளிக்குப் பல் எத்தனை என்றுகூட யோசித்து வைத்திருந்தேன், இவனுக்கு நட்சத்திரம் வைக்கவில்லை.

"கேட்டைங்க," என்றார் அண்ணி, சட்டென்று.

எனக்குச் சிரிப்பு அடங்கிவிட்டது. கேட்டை, அண்ணியின் தம்பிக்கு. ஓசூரில் பெரிய கம்பெனியில் வேலை என்று பொய் சொல்லி நிச்சயதார்த்தம் வரைக்கும் போனவன். குட்டு உடைந்து கல்யாணம் நின்றது. அன்றைக்கு ஓசூருக்கு பஸ் ஏறியவன்தான், வெட்கத்தில் ஊர்ப்பக்கம் தலைகாட்டவே இல்லை. போனில் எப்போது கேட்டாலும் 'நல்லா இருக்கேன்க்கா' என்பான். அண்ணி கண்ணை மூடிக்கொண்டு பொட்டலத்தை எடுத்தார். வெள்ளை. முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் முடிசூட்டு விழாவைத் தூக்கிக் கடாசினேன். புது முடிவில், போரெல்லாம் ஓய்ந்த பிறகு இளவரசன் சேறும் காயமுமாக அக்கா வீட்டு வாசலில் வந்து நிற்கிறான். "சாப்பிட்டாயா?" என்று கேட்கிறாள். "ஆயிற்று," என்கிறான், கொலைப்பட்டினியோடு. அவள் இலை போடுகிறாள். அவ்வளவுதான் கதை. அந்தப் பொய்யைப் பிடுங்கிவிட்டு நான் அவனுக்குக் கிரீடம் வைத்திருந்தால் அது வேறு யார் தலையிலோ ஏறியிருக்கும்.

மறுநாள் மண்டியில் அண்ணி அதைப் படித்து முடித்ததும் ஒரே கூச்சல். "அடப்பாவி, இப்பக்கூடப் பொய் சொல்றான் பாரு!" என்று ஒரு அம்மா தொடையைத் தட்டிச் சிரித்தார். அண்ணி மட்டும் தக்காளி ஒட்டிய விரலாலேயே போனைத் தேய்த்துத் தம்பியைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் போட்டார்.

"சாப்டியாடா?"

"ஆச்சுக்கா."

மண்டியே சிரித்தது. அண்ணியும் சிரித்தார், கண்ணில் தண்ணீர் வழிய வழிய.

"சரி, பஸ் ஏறு. வூட்ல சோறு ஆக்கி வெக்கறேன்."

தம்பி மெதுவாகக் கேட்டான்:

"என்ன கொழம்புக்கா?"